மெஷினிலும் லேபிள்தான் ஒட்டியிருக்கு, கண்ணு

தையல் மெஷின் வாங்கப் போகிறேன் என்று யார் சொன்னாலும் "எந்தக் கம்பெனி?" என்றுதான் முதலில் கேட்கிறார்கள். திருப்பூரில் பிறந்து வளர்ந்த நாம் அந்தக் கேள்வியோடு நின்றுவிடக் கூடாது. ஒரு பனியன் எப்படி உருவாகிறது என்று நமக்குத் தெரியும். நிட்டிங் ஒரு இடம், சாயம் ஒரு இடம், காம்பாக்டிங் ஒரு இடம், பிரிண்டிங் வேறொரு இடம், தைப்பது எங்கோ ஒரு பவர் டேபிள். கழுத்தில் லேபிளை வைத்துத் தைக்கிற கை நம் வீட்டுப் பெண்ணுடையது. லேபிளில் இருக்கிற பேரோ ஐரோப்பாவிலோ அமெரிக்காவிலோ இருக்கிற ஒரு கடையுடையது.

நீ காசு சேர்த்து வாங்கப்போகிற மெஷினும் பெரும்பாலும் இப்படித்தான் வருகிறது கண்ணு. மேலே ஒரு பேர் இருக்கும். வார்த்தது, கடைந்தது, பூட்டியது எல்லாம் வேறு ஆட்களாக இருக்கலாம், வேறு நாடாகவும் இருக்கலாம். கடைக்காரர் இதைத் தானாகச் சொல்ல மாட்டார். அதனால் நான் சொல்கிறேன்.

முதலில் ஒன்றை மனசில் வைத்துக்கொள். வெளியில் செய்து வாங்கிய பொருள் என்றாலே மட்டம் என்று நினைத்துவிடாதே. அப்படி நினைத்தால் நம் ஊர் உழைப்பையே நாம் குறைத்துப் பேசுகிறோம் என்று அர்த்தம். அதே சமயம், "இதுவும் அந்தக் கம்பெனி ஃபேக்டரியில் செய்ததுதாங்க, ரெண்டும் ஒரே மெஷின்" என்று கடையில் சொன்னால் அதையும் நம்பாதே. ஒரே ஃபேக்டரியில் ஒரே நாளில் ரெண்டு பையருக்கு டி-ஷர்ட் ஓடுகிறது. ஒருவர் கோம்டு நூல் கேட்டு, கியூசி ஆளை அனுப்பி, ஏக்யூஎல் 2.5 என்று பார்த்து பாஸ் பண்ணுகிறார். இன்னொருவர் கார்டட் நூல் போதும், விலையைக் குறை என்கிறார். தைத்த கை ஒன்றுதான், துணி ஒன்றில்லை. மெஷினிலும் அப்படித்தான். ஒரே ஃபேக்டரியிலிருந்து ஒரு பேருக்கு இரும்புப் பல்சக்கரமும் இன்னொரு பேருக்கு பிளாஸ்டிக் பல்சக்கரமும் போகலாம். ஆர்டர் கொடுத்தவர் எதற்குக் காசு கொடுத்தார் என்பதில்தான் தரம் இருக்கிறது.

பேர் ஒருத்தருது, பட்டறை இன்னொருத்தருது

சிங்கரையே எடுத்துக்கொள்வோம். 1851-ல் அமெரிக்காவில் தொடங்கிய கம்பெனி. ஸ்காட்லாந்தில் கிளைட்பேங்க் என்ற ஊரில் 1885-ல் பிரமாண்டமான ஃபேக்டரி கட்டி, திருகாணி முதல் மரப்பெட்டி வரை தானே செய்தது. பாட்டி காலத்து வீடுகளில் இன்றும் ஓடுகிற கறுப்பு மெஷின்கள் பலவும் அங்கே பிறந்தவைதான். 1980-ல் அந்த ஃபேக்டரியை மூடிவிட்டார்கள். பிறகு பேர் கைமாறிக்கொண்டே வந்தது. 2006-ல் சிங்கர், ஹஸ்க்வர்னா வைக்கிங், பாஃப் மூன்றும் எஸ்விபி என்ற ஒரே குடைக்குள் வந்தன. 2021-ல் அந்தக் குடையையே பிளாட்டினம் ஈக்விட்டி என்ற முதலீட்டு நிறுவனம் வாங்கியது. இன்று சிங்கர் பேரில் உலகத்துக்குப் போகிற வீட்டு மெஷின்கள் பலவற்றைச் செய்து கொடுப்பது தைவானின் ஜெங் ஷிங் நிறுவனம். அதற்கு வியட்நாமில் பெரிய ஃபேக்டரி இருக்கிறது. இலங்கையில் இருக்கும் நம் சொந்தக்காரர்களிடம் சிங்கர் என்று சொன்னால் ஃபிரிட்ஜும் டிவியும் விற்கிற கடைதான் நினைவுக்கு வரும். அங்கே 1877-லிருந்து இருக்கிற பேர் அது.

பாஃப் கதை இன்னும் குழப்பமானது. வீட்டு மெஷினில் இருக்கிற பாஃப் எஸ்விபி-யுடையது. ஃபேக்டரிகளில் ஓடுகிற பாஃப் 2013-லிருந்து ஷாங்காயின் ஷாங்காங் குழுமத்துடையது. ஒரே பேருக்கு ரெண்டு வீடு. ஜெர்மனியின் டுர்காப் அட்லரையும் அதே ஷாங்காங் 2005-லேயே வாங்கிவிட்டது.

உஷா நம் நாட்டுப் பேர். 1930-களில் கல்கத்தாவில் ஜே இன்ஜினியரிங் வொர்க்ஸ் தொடங்கிய வேலை அது. உஷா ஜானோம் என்று வருகிற ஜிக்ஜாக் மெஷின்கள் ஜப்பானின் ஜானோமுடன் கைகோத்து வருபவை. ஜானோமுக்குத் தைவானிலும் தாய்லாந்திலும் சொந்த ஃபேக்டரிகள் உண்டு. ஆகவே பெட்டியில் தாய்லாந்து என்று பார்த்தால் டூப்ளிகேட்டோ என்று பயப்படாதே. ஜானோம் மற்றவர்களுக்கும் செய்து கொடுக்கிற கை. அமெரிக்காவில் சியர்ஸ் என்ற பெரிய கடை கென்மோர் என்று தன் பேரில் மெஷின் விற்றது, ஒரு மெஷின்கூடத் தானாகச் செய்ததில்லை. அதன் மாடல் எண்ணில் முதல் மூன்று இலக்கம் 385 என்றிருந்தால் செய்தது ஜானோம். அங்கே இருக்கிற அண்ணனோ மச்சானோ பழைய மெஷின் ஒன்று கொண்டு வருகிறேன் என்றால் அந்த எண்ணைக் கேட்டு வை, உதிரிபாகம் தேடும்போது உதவும்.

வெளிநாட்டில் செய்வது வேறு, வெளியாளிடம் கொடுத்துச் செய்வது வேறு. ஜூக்கி, பிரதர், பெகாசஸ் எல்லாம் ஜப்பான் பேர்கள்தான். ஆனால் ஜூக்கிக்குச் சீனாவிலும் வியட்நாமிலும், பிரதரின் பவர் மெஷினுக்குச் சீனாவின் ஷியானிலும், பெகாசஸுக்குத் தியான்ஜினிலும் சொந்த ஃபேக்டரிகள் இருக்கின்றன. நம் ஊர் யூனிட்களில் நீ பார்க்கிற ஜூக்கி பலவற்றின் முதுகில் 'சீனாவில் செய்தது' என்றுதான் இருக்கும். அதில் ஏமாற்று எதுவும் இல்லை. ஜாக் முழுக்கச் சீனக் கம்பெனி. ஜெஜியாங் மாகாணத்தின் தைஜோவில் 1995-ல் தொடங்கி, 2009-ல் ஜெர்மனியின் புல்மரையே வாங்குகிற அளவுக்கு வளர்ந்தது. சிருபா தைவானின் காவ்லின் கம்பெனியுடைய பேர்.

கறுப்பு நிறக் கால்மெஷின் வேறு உலகம். அதன் தாய்வீடு பஞ்சாபின் லூதியானா. அங்கே ஒரு பட்டறை தலையை வார்க்கும், ஒன்று ஷாஃப்ட் கடையும், ஒன்று ஷட்டில் செய்யும், ஒன்று நிக்கல் பூசும். கடைசியில் ஒருவர் எல்லாவற்றையும் பூட்டி, கேட்டவருக்குக் கேட்ட பேரை ஒட்டிக் கொடுப்பார். நம் ஊர் ஜாப் ஒர்க் முறையேதான். அதனால் கறுப்பு மெஷினில் பேரைவிட, பூட்டியவர் கை எப்படி என்பதுதான் முக்கியம். சக்கரத்தைக் கையால் மெதுவாகச் சுற்றிப் பார். ஒரு முழுச் சுற்றும் ஒரே சீராக வரவேண்டும். நடுவில் எங்காவது பிடித்தால் அடுத்த மெஷினைக் கேள்.

அட்டைப்பெட்டியைத் திருப்பிப் பார்

வீட்டு மெஷின் வாங்கும்போது முதல் வேலை, மெஷினைப் பார்ப்பதற்கு முன் பெட்டியைப் படிப்பது. 2011-ன் சட்டமுறை எடையளவு (பொட்டலப் பொருட்கள்) விதிகளின்படி, தயாரித்தவர் பேரும் முகவரியும் பெட்டியில் இருக்க வேண்டும். வெளிநாட்டிலிருந்து வந்தது என்றால் எந்த நாடு, இறக்குமதி செய்தவர் யார் என்பதும், எம்ஆர்பியும், புகார் சொல்ல வேண்டிய எண்ணும் இருக்க வேண்டும். 'தயாரித்தவர்', 'சந்தைப்படுத்துபவர்', 'இறக்குமதியாளர்' என்று ஆங்கிலத்தில் சின்ன எழுத்தில் தனித்தனி வரியாக இருக்கும். படிக்கச் சிரமமாக இருந்தால் பையனிடமோ பெண்ணிடமோ கொடுத்துப் படிக்கச் சொல். ஆன்லைனில் வாங்கினாலும் எந்த நாட்டுப் பொருள் என்பதை அந்தப் பக்கத்திலேயே காட்டியாக வேண்டும்.

பேருக்கும் தயாரித்தவருக்கும் சம்பந்தமே இல்லாமல் இருக்கலாம், பரவாயில்லை. இறக்குமதியாளர் என்ற வரியே இல்லாமல் சீனப் பெட்டி ஒன்று வந்தால்தான் யோசிக்க வேண்டும். நாளைக்கு மெஷின் நின்றால் யார் வாசலில் போய் நிற்பது? பேரில் ஒரே ஒரு எழுத்து மாற்றி, எழுத்தின் சாயலையும் நிறத்தையும் அப்படியே வைத்து விற்கிற மெஷின்களும் சந்தையில் உண்டு. ஒவ்வொரு எழுத்தாகப் படி.

பவர் மெஷின் மரப்பெட்டியிலோ தெர்மோகோலிலோ வரும், அதில் இத்தனை விவரம் இருக்காது. அங்கே மெஷின் தலையில் இருக்கிற தகட்டைப் பார். மாடல் எண், வரிசை எண், எந்த நாடு என்பது அதில் இருக்கும். போனில் ஒரு படம் எடுத்துக்கொள்.

யாருடைய பேட்டர்ன் என்று கேள்

இந்த ஒரு கேள்வி மட்டும் கேட்டாலே, விவரம் தெரிந்த பெண் வந்திருக்கிறாள் என்று கடைக்காரருக்குப் புரிந்துவிடும். பேட்டர்ன் என்றால், எந்த மெஷினின் அளவைப் பார்த்து இதைச் செய்தார்கள் என்று அர்த்தம்.

ஜப்பானில் இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் தையல் மெஷின் செய்பவர்கள் கூடி ஒரு வேலை செய்தார்கள். சிங்கரின் 15-ஆம் வகை மெஷினை அடிப்படையாக வைத்து, எச்ஏ-1 என்று ஒரே அளவை எல்லோரும் ஏற்றுக்கொண்டார்கள். ஒரு பட்டறை செய்த ஷாஃப்ட் இன்னொரு பட்டறையின் தலையில் சரியாக உட்காரும். அந்த மெஷின் அமெரிக்காவுக்குப் போய் நூற்றுக்கணக்கான பேர்களில் விற்றது. இன்றைக்கும் வீட்டு மெஷினுக்கு நீ வாங்குகிற ஊசி பாக்கெட்டில் எச்ஏ×1 என்று போட்டிருக்கும். பெரும்பாலான கம்பெனிகளின் வீட்டு மெஷினுக்கு அதே ஊசி போவதற்கு அந்த ஏற்பாடும் ஒரு காரணம்.

பவர் மெஷினில் அப்படி யாரும் உட்கார்ந்து பேசி முடிவு செய்யவில்லை. ஆனால் வழக்கத்தில் அதுவே நடந்திருக்கிறது. புதிதாக வருகிற ஒற்றை ஊசி மெஷின்கள் பலவும் ஜூக்கியின் டிடிஎல் வரிசையைப் பார்த்துச் செய்தவை. ஓவர்லாக்கில் சிருபா 747, பெகாசஸ் எம்700, ஜூக்கி எம்ஓ-6700 போன்றவற்றை ஒட்டியே மற்றவர்கள் செய்கிறார்கள். நீ கேட்க வேண்டியது இதுதான்: "இதுக்கு லூப்பரும் பிளேட்டும் பல்லும் எந்த மெஷினோடது சேருமுங்க?"

"எங்க கம்பெனி பார்ட் மட்டும்தான் சேரும்" என்று பதில் வந்தால், அந்த பார்ட் திருப்பூரில் எந்தக் கடையில் கையிருப்பில் இருக்கிறது என்று கேள். சென்னையிலிருந்தோ டெல்லியிலிருந்தோ வரவழைக்க வேண்டும் என்றால் வேண்டாம். சனிக்கிழமை பீஸ் கொடுத்தாக வேண்டும், வியாழக்கிழமை லூப்பர் உடைகிறது என்று வைத்துக்கொள். ஊருக்குள்ளேயே கிடைக்கிற பார்ட் என்றால் ஒரு மணி நேரத்தில் மறுபடி தைக்க உட்காரலாம். கூரியருக்குக் காத்திருந்தால் ஆர்டர் அடுத்த பவர் டேபிளுக்குப் போய்விடும்.

இன்னொன்றும் கேட்டுப் பார்: ஹூக் செட் யாருடையது, மோட்டாரும் கன்ட்ரோல் பாக்ஸும் யாருடையது? பெரிய கம்பெனிகளே ஹூக்கை வெளியில் வாங்குவது வழக்கம். ஜப்பானின் ஹிரோசே ஹூக் செய்கிற கம்பெனி, பல பேர்போன மெஷின்களுக்குள் அதன் ஹூக் இருக்கிறது. ஹூக் நன்றாக இருந்தால் பேர் தெரியாத மெஷின்கூட வருஷக்கணக்கில் உழைக்கும். ஹூக் முனையில் பிசிறு இருந்தால் எவ்வளவு பெரிய பேர் ஒட்டியிருந்தாலும் நூல் அறுந்துகொண்டேதான் இருக்கும்.

மெக்கானிக்கைக் கேட்காமல் வாங்காதே. கடை அனுப்புகிற மெக்கானிக்கைக் கேட்டுப் பலனில்லை. உன் ஏரியாவில் யூனிட் யூனிட்டாகப் போய் வேலை பார்க்கிறவரைக் கேள். எந்த மெஷினுக்கு அவருக்கு அடிக்கடி போன் வருகிறது என்று அவருக்குத் தெரியும். லைன் சூப்பர்வைசர் அக்காக்களிடமும் கேட்டுப் பார், எந்த மெஷினில் உட்கார டெய்லர்கள் போட்டி போடுகிறார்கள், எதில் உட்காரச் சொன்னால் முகம் சுளிக்கிறார்கள் என்று. எந்த விளம்பரமும் அதைச் சொல்லாது.

உன் துணியை நீயே கொண்டு போ

கடையில் தைத்துக் காட்டுகிற துணி எப்போதும் மொடமொடவென்று இருக்கும் காட்டன் துண்டுதான். அதில் எந்த மெஷினும் அழகாகத் தைக்கும். நமக்கு வேலை பின்னல் துணியில். காதர்பேட்டையிலோ உன் யூனிட்டிலோ பிட் துணி கிடைக்கும். சிங்கிள் ஜெர்சி, ரிப், லைக்ரா கலந்தது, கொஞ்சம் கனமான ஃபிளீஸ், நாலையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு போ.

முதலில் ஜெர்சியை ஓட்டு. தைத்த இடத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார். தையல் ஓரமாகப் பொடிப்பொடி ஓட்டை தெரிந்தால் அது நீடில் கட். அதற்கு மெஷினைக் குறை சொல்வதற்கு முன் ஊசியை மாற்றச் சொல். பின்னலுக்கு முனை உருண்ட பால் பாயின்ட் ஊசி வேண்டும், அதுவும் ஒன்பதோ பதினொன்றோ நம்பரில். ஊசி மாற்றியும் ஓட்டை விழுந்தால் பிளேட்டிலோ பல்லிலோ பிசிறு இருக்கிறது. அடுத்து ரிப்பைத் தைத்து ரெண்டு கையாலும் இழு. நூல் பட்டென்று அறுந்தால் டென்ஷன் சரியில்லை, சரி செய்து மறுபடி தைக்கச் சொல். லைக்ராவில் தையல் விட்டு விட்டு விழுகிறதா என்று பார்.

நாலு மடிப்பு சேருகிற இடம்தான் உண்மையான பரீட்சை. டி-ஷர்ட்டில் தோளும் கழுத்து ரிப்பும் சேருகிற இடத்தை நினைத்துக்கொள். அந்த மாதிரி மடித்து, வேகத்தைக் குறைக்காமல் ஓட்டு. அங்கே தாவாமல், திணறாமல் போனால் அந்த மெஷினை நம்பலாம். ஓவர்லாக் என்றால் டிஃபரன்ஷியலைத் திருப்பித் திருப்பிப் பார், துணி அலை அலையாக விரியாமல் நிற்க வேண்டும். பேட்லாக் என்றால் கையின் விளிம்பை மடித்துத் தைத்து, அடிப்பக்க லூப்பர் நூல் ஒரே சீராக இருக்கிறதா என்று திருப்பிப் பார்.

ஒரு பத்து நிமிஷம் தொடர்ந்து ஓட்டிவிட்டு, மோட்டார் ரொம்பச் சூடாகிறதா என்று தொட்டுப் பார். ஒற்றை ஊசி மெஷினின் மேல் இருக்கிற சின்னக் கண்ணாடி வழியாக எண்ணெய் தெறிப்பது தெரிய வேண்டும். கடைக்காரர் அவசரப்படுத்தினால் அவசரப்படட்டும், காசு உன்னுடையது.

ஊசி விஷயத்தில் குழப்பிக்கொள்ளாதே. ஒற்றை ஊசி பவர் மெஷினுக்கு டிபி×1, ஓவர்லாக்குக்குப் பெரும்பாலும் டிசி×27, பேட்லாக்குக்கு யூஒய்128 ஜிஏஎஸ். உன் மெஷின் புத்தகத்தில் எது போட்டிருக்கிறதோ அதையே கடைசியாக எடுத்துக்கொள். குரோஸ் பெக்கர்ட், ஆர்கன் மாதிரி நல்ல ஊசியில் போலியும் வரும், அதனால் வழக்கமான கடையை விட்டு மாறாதே.

வீட்டு மெஷினை வாங்கி அதில் பீஸ் ரேட் வேலை செய்யலாம் என்று நினைக்காதே. அது நிமிஷத்துக்கு ஆயிரம் தையலை ஒட்டி ஓடுவதற்குச் செய்தது, இடையிடையே ஓய்வும் வேண்டும். பவர் மெஷின் நாலாயிரம் ஐயாயிரம் என்று நாள் முழுக்க ஓடும். பிளவுஸ், ஃபால்ஸ், பிள்ளைகள் உடுப்பு என்றால் வீட்டு மெஷின் போதும். மோட்டார் எடுப்பதென்றால் சர்வோ எடு. பழைய கிளட்ச் மோட்டார் நீ தைக்காமல் சும்மா உட்கார்ந்திருக்கும்போதும் சுற்றி கரன்ட் பில்லை ஏற்றும்.

செகண்ட் ஹேண்ட் என்றால்

யூனிட் மூடும்போது மொத்தமாக மெஷின் விற்பார்கள். நல்ல மெஷினும் அதில் கிடைக்கும். ஆனால் தலைமாற்று வேலை அங்கேதான் அதிகம். பழைய தலைக்குப் புதுப் பெயின்ட் அடித்து, பெரிய கம்பெனியின் பேரை ஒட்டிவிடுவார்கள். தகட்டின் ரிவெட் புதிதாக மின்னுகிறதா, எண் சுரண்டிய தடம் இருக்கிறதா, பெயின்ட்டுக்கு அடியில் வேறு எழுத்தின் மேடு தெரிகிறதா என்று விரலால் தடவிப் பார். நீடில் பாரைப் பிடித்து லேசாக ஆட்டு. ஆட்டம் இருந்தால் விலை எவ்வளவு குறைந்தாலும் விட்டுவிடு. பழைய கையெழுத்துச் சீட்டு போதாது, மெஷினின் எண் எழுதிய பில் வேண்டும். திருட்டு மெஷின் என்று நாளைக்கு யாராவது வந்து நின்றால் அந்த பில்தான் பேசும்.

பில்லும் வாரன்டியும்

"நாங்க வெறும் பேர்தாங்க குடுக்கறோம், செஞ்சது அவங்க" என்று எந்தக் கம்பெனியும் கைகழுவ முடியாது. 2019-ன் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இதைத் தெளிவாகவே சொல்கிறது: வேறொருவர் செய்த பொருளில் தன் அடையாளத்தைப் போடுகிறவரும் சட்டத்தின் கண்ணில் தயாரிப்பாளர்தான். மெஷின் மேல் பேர் போட்டவர் பொறுப்பு ஏற்றாக வேண்டும்.

பிழைப்புக்காக வாங்கிய மெஷின்தானே, நான் எப்படி நுகர்வோர் என்று தயங்காதே. தானே உழைத்துப் பிழைப்பதற்காக மட்டும் வாங்குகிறவரும் நுகர்வோர் என்று அதே சட்டத்தில் விளக்கம் இருக்கிறது. பத்துப் பேரை வேலைக்கு வைத்து யூனிட் நடத்தினால் கதை வேறு. உன் மெஷினில் நீ தைக்கிறாய் என்றால் அந்த உரிமை உனக்கு உண்டு. முதலில் 1915 என்ற தேசிய உதவி எண்ணில் புகார் சொல். அதில் தீரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். கம்பெனி எந்த ஊரில் இருந்தாலும் நீ குடியிருக்கிற மாவட்டத்திலேயே போடலாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் கிடையாது. பிரச்சினை வந்ததிலிருந்து ரெண்டு வருஷத்துக்குள் போட வேண்டும்.

இதற்கெல்லாம் பில் உன் பேரில் இருக்க வேண்டும் அம்மிணி. வீட்டுக்காரர் பேரில், கான்ட்ராக்டர் பேரில் வேண்டாம். பில்லில் மாடல் எண்ணும் வரிசை எண்ணும் எழுதச் சொல். வாரன்டி அட்டையில் கடை முத்திரையும் தேதியும் அங்கேயே வாங்கு. தலைக்கு எத்தனை மாசம், மோட்டாருக்கு எத்தனை, கன்ட்ரோல் பாக்ஸுக்கு எத்தனை என்று தனித்தனியாகக் கேட்டு எழுதி வாங்கு. கரன்ட் ஏறி இறங்கும்போது முதலில் போவது பாக்ஸ்தான், வாரன்டியில் நைசாக விட்டுப்போவதும் அதுதான். வீட்டில் எர்த் சரியாக இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனை வைத்துப் பார்த்த பிறகே பிளக்கைச் சொருகு. எர்த் இல்லாத வீட்டில் பாக்ஸ் எரிந்தால் வாரன்டி செல்லாது என்று சொல்ல அவர்களுக்கு ஒரு சாக்கு கிடைத்துவிடும்.